துரைக்கு வந்த பெட்டிசம்

விடியற்காலை ஐந்தரைக்குக் கிறேஸின் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, படியில் தடுக்கி, குரோட்டன் சாடியில் முழங்காலை இடித்து, மெல்ல முனகிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்துக்குப் போவார்கள். அங்கே கம்பிக் கூட்டுக்கு முன்னால் நிற்கிற மகள் றொஷானி சாக்குத் திரையை விலக்கி, "இப்ப திறவுங்கோ" என்பாள். திறந்தால் எதிரே துரை, கொட்டாவி விட்டபடி.

துரை ஒரு நரி. நரி முகத்தில் முழித்தால் அன்றைக்குப் போகிற காரியம் பழம் என்பது ஊர் நம்பிக்கை. நித்திரையால் எழும்பி வேறெதையும் பார்க்கமுன் பார்க்கவேண்டும். அதனால்தான் இந்தக் கண்மூடிப் பவனி.

இந்த வாரம்தான் முதல்முறை இந்த வீட்டுப் படி ஏறுகிறவர்களுக்குக் கொஞ்சம் பழங்கதை சொல்லவேண்டும். கிறேஸின் புருஷன் பேணாட் துறைமுகத்துக்குக் கிட்டவாகக் கொட்டில் போட்டுப் படகு மெசின் திருத்துகிறவர். ஏழு மாதத்துக்கு முன்னர் தம்பலகாமத்துக்கு ஒரு தண்ணீர்ப் பம்பி திருத்தப் போனார். அங்கே வாய்க்கால் மதகுக்குள் ஒரு குட்டி நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது. நாய்க்குட்டி என்று நினைத்து, ஸ்பானர்களை வெளியே எடுத்துவிட்டு ஆயுதப் பெட்டிக்குள் அதை வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு கிழமை அது நாயாகத்தான் இருந்தது. மூன்றாம் கிழமை துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. குட்டி கழுத்தை நீட்டிக் கூரையைப் பார்த்து ஊளையிட்டது. ஒழுங்கையிலிருந்த நாய்களெல்லாம் கட்டிலுக்குக் கீழே போய்விட்டன.

அன்றைக்கே கிறேஸ் சொல்லிவிட்டாள், ஒன்றில் இந்த வீட்டில் அது, இல்லாவிட்டால் தான் என்று. பேணாட் தலையைச் சொறிந்தார். யோசிக்க இரண்டு நாள் தவணை கேட்டார்.

அந்த இரண்டு நாள்தான் அவளைச் சுட்டது. இருபத்தெட்டு வருஷம் சோறு போட்டவளா நரியா என்று யோசிக்க ஒரு மனிதனுக்கு இரண்டு நாள் வேணுமா? கோபத்தோடு கொப்பித்தாளைக் கிழித்தாள், பெட்டிசம் எழுதினாள். எந்தக் கந்தோருக்குப் போடுவதென்று தெரியாமல் "மிருகங்களுக்குப் பொறுப்பான பெரியவர், திருகோணமலை" என்று முகவரியிட்டாள். ஒழுங்கையின் பேரையும் வீட்டு இலக்கத்தையும் மட்டும் பிழையில்லாமல் குறித்தாள். நரியை உடனடியாக அகற்றவும், இப்படிக்கு நலன்விரும்பி. "உடனடியாக" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அவசரமான சொல்லுக்கு இரண்டு கோடு போடுவது அவளுடைய பழக்கம்.

தபால் போய் ஒன்பதாம் நாள் துரைக்கு வயிற்றோட்டம். பேணாட் சல்லிக் கிராமத்துக்கு வேலையாகப் போயிருந்தார், றொஷானி மருந்துக்கடையில் வேலைக்கு. வேறு வழியில்லாமல் கிறேஸ்தான் பக்கத்தில் இருந்து, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்ப் பருக்கினாள். மூன்றாம் நாள் துரை தலையைத் தூக்கி, அவளுடைய பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு நித்திரையாகிப் போனான். கிறேஸ் காலை இழுக்கவில்லை. கால் விறைத்துப்போகும்வரை இழுக்கவில்லை. அதோடு அவள் கதை முடிந்தது.

பெட்டிசத்துக்குப் பதில் வரவில்லை. முகவரி சரியில்லாததால் எங்கோ கிடந்து உக்கிப்போயிருக்கும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் மட்டும் சொன்னாள். புருஷனிடம் உண்மையைச் சொல்வதுதான் அபராதம் என்று சுவாமி சொல்லிவிட்டார். அவள் அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்லிவருகிறாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தவர்கள் மூன்றே பேர். முன்னால் வந்தவள் பக்கத்து வீட்டு அன்னலட்சுமி. இந்தப் பவனியைத் தொடக்கிவைத்த புண்ணியவதி அவள்தான். நாலு தரம் சாரதிப் பரீட்சையில் கோட்டை விட்ட அவளுடைய மகன், ஒருநாள் நித்திரைக் கலக்கத்தில் வாளி திருப்பிக்கொடுக்க வந்து துரை முகத்தில் முழித்துவிட்டு, ஐந்தாம் தரம் பாஸ் பண்ணினான். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவள்தான் தூது. இன்றைக்குத் தயாளினி என்ற உயரமான ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருந்தாள். தயாளினியின் கையைப் பிடித்தபடி பெரிய மீசைக்காரர் ஒருவர், இடுப்பில் கட்டம்போட்ட சாரத்தோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார்.

அவள் புருஷனாம். ஒன்பது மணிக்குப் பதவி உயர்வுக்கு நேர்முகப் பரீட்சையாம். இரண்டு தரம் தட்டிப் போனதாம். அன்னலட்சுமி கிறேஸின் காதுக்குள் சொன்னாள்.

மீசைக்காரர் கூட்டுக்கு ஐந்தடி முன்னால் நின்றார். மூக்கை உயர்த்தினார்.

"நரி மூத்திர மணமெல்லோ அடிக்குது" என்றார்.

கிறேஸுக்கு அது நல்லதாகப் படவில்லை. வருகிறவர்கள் எல்லாருக்கும் மணக்கும், மறுக்க ஏலாது. எத்தனை தரம் கழுவினாலும், கூட்டைத் திறந்துவிடும்போதெல்லாம் துரை தன்னுடைய கூட்டுக்கும், முன்விறாந்தைக் கதிரைக்கும், பேணாட்டின் மோட்டார் சைக்கிளுக்கும் திரும்பத் திரும்ப உரிமை எழுதிவிடுவான். ஆனால் ஒருவர் கழிவுக் கான் அடைச்சுப்போச்சோ என்று கேட்பார், இன்னொருவர் எலி செத்துக் கிடக்கோ என்பார். கண்ணை மூடிக்கொண்டு நரி என்று பேர் சொன்னவர் இதுவரை யாருமில்லை.

றொஷானி திரையை விலக்கினாள். அவர் கண்ணைத் திறந்தார். துரை அவரைப் பார்த்தான், அவர் துரையைப் பார்த்தார். சாரத்தோடு தளர்ந்து நின்ற மனிதர் மெல்ல நிமிர்ந்தார். பிறகு குந்தியிருந்து காலைப் பார்த்தார், வாலைப் பார்த்தார்.

"ஆண். எட்டு மாசமிருக்கும்" என்றார். திரும்பி, "இது எந்த ரோட்?" என்று கேட்டார்.

மனைவி அவரைக் கண்ணை மூடவைத்து ஓட்டோவில் ஏற்றி வந்திருந்தாள், பாவம், தான் எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. தயாளினி அன்னலட்சுமியின் சேலையை இழுத்தாள். அன்னலட்சுமிக்கு விளங்கவில்லை. ஒழுங்கையின் பேரையும் வீட்டு இலக்கத்தையும் பெருமையாக எடுத்துச் சொன்னாள்.

மீசைக்காரர் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார்.

தயாளினிதான் கடைசியில் வாயைத் திறந்தாள். அவருடைய பெயர் கோணேசலிங்கம். வனவிலங்குக் கந்தோரில் வேலை. நரி என்று சொன்னால் வரமாட்டார் என்பதால் சொல்லாமல் கூட்டிவந்தாளாம். முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார், மற்றதை யோசிக்கமாட்டார் என்று நினைத்தாளாம்.

"இந்த வீட்டைப் பற்றி என்ர மேசையில ஒரு பெட்டிசம் கிடக்கு, அம்மா" என்றார் கோணேசலிங்கம் கிறேஸிடம். "ஊரெல்லாம் சுத்தி இந்தக் கிழமைதான் என்னட்ட வந்தது. இப்ப நான் சாரத்தோட நிக்கிறன். பின்னேரம் நாலு மணிக்கு யூனிபோமோட வாறன்."

கிறேஸ் கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உக்கிப்போகவில்லை. தபால்காரர்கள் நல்லவர்கள், மிகவும் நல்லவர்கள்.

பல் தீட்டிக்கொண்டு வந்த பேணாட் விஷயத்தைக் கேட்டதும் வாயில் நுரையோடு ஒழுங்கை முழுக்கப் பார்த்தார். யார் எழுதியிருப்பார்கள்? கோழிக்கடை நிப்றாஸாக இருக்காது, அவர்தான் கோழித்தலை கொடுக்கிறவர். பின்வளவு மாஸ்டராக இருக்கலாம், அவருடைய செருப்பில் ஒன்றைத் துரை களவெடுத்து, ஏற்கெனவே புதைத்திருந்த கிறேஸின் கோவில் சப்பாத்துக்குப் பக்கத்தில் புதைத்தது உண்மைதான். அன்னலட்சுமியையும் ஒரு பார்வை பார்த்தார். அவள் இரவலாக எடுத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பின்னேரம் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாப்பன்" என்றார் பேணாட். "எழுத்தைப் பாத்தால் ஆளைச் சொல்லிப்போடுவன்."

சொல்லிப்போடுவார்தான். இருபத்தெட்டு வருஷமாகக் கிறேஸ் எழுதிக் கொடுக்கிற சாமான் துண்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற மனிதர் அவர். மீன் என்று எழுதி, அதற்கு முன்னால் "உடன்" என்று போட்டு, அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்த துண்டுகள் எத்தனை ஆயிரம்.

எட்டரைக்குக் கிறேஸ் அந்தோனியார் சுரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். கோணேசலிங்கத்துக்கு நேர்முகப் பரீட்சை நன்றாக நடக்கவேண்டும் என்று மன்றாடினாள். மனம் குளிர்ந்து வந்தால் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவார் அல்லவா? றொஷானியின் ஏஎல் பரீட்சைக்குக்கூட அவள் இப்படி உருகி மன்றாடியதில்லை. நரி முகத்தில் முழிப்பதெல்லாம் அஞ்ஞானிகளின் வேலை என்று இவ்வளவு நாளும் முகம் சுளித்தவள், அந்தோனியார் ஒருபக்கமும் துரை ஒருபக்கமும் தாங்கினால் காரியம் கூடுமென்று அன்றைக்குக் கணக்குப் போட்டாள்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். சீனி ஒரு கரண்டி கூடப் போட்டிருந்தாள்.

பேணாட் ஒரு மெசினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கையெல்லாம் கிறீசோடு இருந்தார். ஒரு வாய் குடித்ததும் அவளை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் என்ன உடைந்தது என்று கேட்டார். ஒன்றும் உடையவில்லை என்றாள் அவள். பிறகு மெதுவாக, அந்தக் கடிதம் எழுதினவை ஏதும் கோபத்தில், வெப்பிசாரத்தில் எழுதியிருப்பினம், விடுங்கோவன் என்று தொடங்கிப் பார்த்தாள்.

"விடுறதோ?" என்றார் பேணாட். "நேர வந்து முகத்துக்குச் சொல்லத் தைரியமில்லாத ஆள். ஆரெண்டு மட்டும் தெரியட்டும். அந்த ஆளின்ர கையால பச்சைத்தண்ணியும் வாங்கிக் குடிக்க மாட்டன்."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துத் திருப்பிக் கொடுத்தார். கிறேஸ் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் துரையின் சாப்பாட்டு நேரம். அவித்த கோழித்தலை நாலு, பப்பாசித் துண்டு, ஒரு முட்டை. உப்பு ஒரு கல்லும் சேரக்கூடாது. முட்டையை அவன் உடனே சாப்பிடமாட்டான். வாயில் கௌவிக்கொண்டு மூன்று மூலை சுற்றி, நாலாவது மூலையில் புதைத்து, மூக்கால் மண் தள்ளி மூடி, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்ப்பான். கிறேஸ் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு மட்டும் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவனுக்கு அது ஒரு திருப்தி.

கூட்டின் மேற்குப் பக்கம் திரும்பவும் கிண்டியிருந்தது. இரண்டடி ஆழத்துக்குக் கம்பிவலை மண்ணுக்குள் தாட்டிருக்கிறபடியால் கூடு தப்பியது. நாலு மாதமாக அவன் கிண்டுவது தம்பலகாமம் இருக்கிற அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான். கிறேஸ் மண்ணைக் காலால் தள்ளி மூடினாள். அப்போது துறைமுகத்தில் கோதுமை ஏற்றிவந்த கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. துரை சாப்பாட்டை விட்டுவிட்டு, கழுத்தை நீட்டிப் பதில் கொடுத்தான். முடித்ததும் காதை விடைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டபடி நின்றான். கப்பல் திரும்ப ஊதவில்லை. இவனைக் கொண்டுபோய்விட்டால் இந்த வீட்டில் தான் என்ன செய்வது என்று கிறேஸ் முதல்தடவையாக யோசித்தாள், யோசிக்க முடியவில்லை.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. கோணேசலிங்கம் யூனிபோமில் இறங்கினார். பின்னால் தயாளினி, கையில் லட்டுப் பெட்டி. பெட்டியைக் கண்டதும் கிறேஸ் மனதுக்குள் அந்தோனியாருக்கு இரண்டு கொத்து மெழுகுதிரி நேர்ந்துவிட்டாள்.

நேர்முகப் பரீட்சை திறமாம். பொறுப்பதிகாரி இடம் மாறிப் போவதால், திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்தில் பதில் கடமை பார்க்கும்படி இவரிடமே சொல்லிவிட்டார்களாம். தயாளினி எல்லார் கையிலும் லட்டு வைத்தாள். கூட்டுக்குள்ளும் ஒன்றைப் போடப் போனவளைக் கிறேஸ் தடுத்தாள், அவனுக்கு இனிப்புக் கூடாது.

"அப்ப பெட்டிசம்?" என்று கேட்டாள் றொஷானி.

கோணேசலிங்கம் மீசையைத் தடவினார். நேற்றுவரைக்கும் என்றால் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம் என்றார்.

"திங்கக்கிழமையில இருந்து மேலிடம் நான்தான், பிள்ளை. இனி நான் ஆருக்கு அனுப்பிறது?"

கிறேஸின் கையிலிருந்த லட்டு உதிர்ந்தது. வேண்டியதை வேண்டியபடியே கொடுக்கிற அந்தோனியாரை என்ன சொல்வது.

ஆனால் அவர் கெட்ட மனிதரில்லை. கூட்டுக்குள்ளே போய்த் துரையைத் தொட்டுப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், ஊசி போட்ட துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என்ன தீன், எத்தனை வேளை என்று கிறேஸிடம் விசாரித்தார். முட்டைக்கு முகம் திருப்புகிற கதையைக் கேட்டுச் சிரித்தார். இவ்வளவு நல்லாய் வளர்ந்த நரியைத் தான் வீட்டில் கண்டதில்லை என்றார். மேற்குப் பக்கத்து மண்ணைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"நல்லாய்த்தான் பாத்திருக்கிறியள், அம்மா. ஆனால் இந்த வயசில காட்டில எண்டால் தாயை விட்டுத் தனக்கொரு இடம் தேடத் தொடங்கிற நேரம். வீட்டில வைச்சிருக்கச் சட்டமும் இல்லை. திங்கக்கிழமை வருவன்."

றொஷானி மூக்கை உறிஞ்சினாள். பேணாட் மட்டும் அசையவில்லை. அவருக்குக் காலையிலிருந்து ஒரே பிடி. கடிதத்தைக் காட்டச் சொன்னார். அப்படிக் காட்டுகிற வழக்கமில்லை என்றார் கோணேசலிங்கம். பேரில்லாத கடிதம்தானே, காட்டினால் யாருக்கு என்ன நட்டம் என்று பேணாட் விடாமல் நின்றார். தயாளினியும், பாவம், ஒருக்கால் காட்டுங்கோவன் என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

பைலுக்குள்ளிருந்து கொப்பித்தாள் வெளியே வந்தது. மூன்று கந்தோர் முத்திரை விழுந்து, ஓரம் கிழிந்து, நாலாக மடிந்திருந்தது. பேணாட் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரித்தார்.

கிறேஸ் அவருடைய முகத்தையே பார்த்தாள். ஓடிப்போய்ப் பறித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவருடைய கண் முதல் வரியில் ஓடியது, இரண்டாம் வரியில் ஓடியது, மூன்றாம் வரியில் நின்றது. நின்ற இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். அவருடைய பெருவிரல் அந்த இரண்டு கோட்டையும் மெல்லத் தடவியது. பிறகு மேலே போய்த் திகதியைப் பார்த்தார். தவணை கேட்ட நாள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

கடிதத்தை இருந்தபடியே நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார்.

"எழுத்து விளங்கேல்லை, சேர்" என்றார். "ஆரெண்டு சொல்ல ஏலாது."

"நீங்கள்தானே எழுத்தைப் பாத்தால்..." என்று றொஷானி தொடங்கினாள். சேர் ஆக்களுக்குக் கேற்றைத் திறந்துவிடச் சொல்லிப் பேணாட் அவளை அனுப்பிவிட்டார்.

ஜீப் போனது. முற்றத்தில் இருவரும் நின்றார்கள். கிறேஸ் நிலத்தில் சிந்திய லட்டை எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசிவிட்டால் நல்லது என்றிருந்தது அவளுக்கு. கத்தினால் தானும் கத்தலாம், அந்த இரண்டு நாள் தவணையை எடுத்துச் சொல்லலாம், அழலாம். பேணாட் விறாந்தையில் ஏறி, துரை பழுதாக்கிய கதிரையை விட்டு மற்றக் கதிரையில் இருந்தார்.

"கிறேஸ், ஒரு தேத்தண்ணி தாறியா?"

அவர் காலையில் கொட்டிலில் சொன்ன பச்சைத்தண்ணிக் கதை அவளுக்கு ஞாபகம் வந்தது. குசினிக்குள் போய்த் தண்ணீர் கொதிக்கிறவரைக்கும் சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவளுடைய கையிலிருந்து கோப்பையை வாங்கி, ஊதி ஊதி, அவசரமில்லாமல், முழுதையும் குடித்தார்.

"நான் அண்டைக்கு ரெண்டு நாள் கேட்டிருக்கக்கூடாது" என்றார், வெறுங் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

அவள் தலையை ஆட்டினாள்.

"கொப்பி ஒண்டு எடு. திங்கக்கிழமைக்கு முதல் இன்னொரு பெட்டிசம் எழுதவேணும். நீயே எழுது, உன்ர எழுத்து வடிவு." கோப்பையை அவளிடம் நீட்டினார். "உடனடியாக எண்டதுக்குக் கீழ ரெண்டு கோடு போடு."

கிறேஸ் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். இந்தமுறை முகவரியில் பிழையில்லை. ஆளின் பேரும் தெரியும், பதவியும் தெரியும். ஐயா என்று எழுதி ஒரு காற்புள்ளி போட்டாள். பேணாட் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்திருந்தார்.

கோடிப்புறத்திலிருந்து மண் கிண்டுகிற சத்தம் கேட்டது. மேற்குப் பக்கம்தான். இருவரும் அதைக் கேட்டார்கள்.

"இஞ்சேருங்கோ" என்றாள் கிறேஸ், பேனையைத் தூக்கிப் பிடித்தபடி. "அவனை எங்களோட விடச்சொல்லி எழுதுறதோ, தம்பலகாமத்தில கொண்டுபோய் விடச்சொல்லி எழுதுறதோ?"

பேணாட் பொக்கற்றிலிருந்து கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். யோசிக்க அவருக்கு இரண்டு நாள் வேணும்போலிருந்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்கத்தான் துணிவு வரவில்லை.